ஒன்றரை மீட்டர் மிச்சம்

ஏனுங்ணா, அந்தக் கண்ணாடியைச் சித்த இழுத்து விடறீங்களா? காத்து வேணுந்தானுங்க, ஆனா தூசு படிஞ்சிரும். வெள்ளைத் துணி பாருங்க. மடிச்சாக் கோடு விழுந்துரும்னு இப்பிடிச் சுருட்டிக் கைக்குழந்தையாட்டம் மடியில வெச்சுட்டு வர்றேன். கண்டக்டர் லக்கேஜ் போடோணும்னு நின்னாரு. போட்டுக்கங்க சாமி, வண்டியை மட்டும் சீக்கிரம் விடச் சொல்லுங்கன்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போறாரு.

மணி என்னங்ணா இப்ப? பத்தே முக்காலா? பன்னெண்டரைக்குள்ள நான் ஹோப்ஸ்ல எறங்கிக் காலேஜுக்குள்ள நிக்கோணுங்க. பன்னெண்டரைக்குக் கதவைச் சாத்திருவாங்களாம். அப்பறம் யார் போய் நின்னாலும் வாங்க மாட்டாங்களாம். போயிருவமுங்களா? அவிநாசி தாண்டியாச்சில்ல? கருமத்தம்பட்டிகிட்ட ரோட்டு வேலை நடக்குதுங்கறாங்க, அங்க மாட்டிக்காம இருக்கோணும்.

என்ற பொண்ணுக்குத்தானுங்க. தாரணின்னு பேரு. ஒத்தைப் புள்ள. கோயமுத்தூர்ல டிசைன் படிக்கிறா, கடைசி வருசம். தெனமும் திருப்பூர்ல இருந்து பஸ்லதான் போயிட்டு வருவா. இப்ப நாலு நாளா வீட்டுக்கு வரலீங்க. கூடப் படிக்கிற புள்ளையோட ரூம்ல இருக்கறா. அவங்கம்மா கூப்புட்டா எடுக்கறா, நல்லாருக்கறேன்னு சொல்லி வெச்சுடறா. நான் கூப்புட்டா அடிச்சு அடிச்சு ஓயுதுங்க. நேத்து மட்டும் பத்தொம்பது தடவை. பெத்த அப்பனுங்க நானு. குடிக்கிறவனா, அடிக்கிறவனா? ஒரு சுடுசொல் சொன்னதில்ல. நான் பண்ணுனது ஒண்ணே ஒண்ணு, அவ வேலையைச் சரி பண்ணிக் குடுத்தேன். அதுக்கு இந்தத் தண்டனைங்களா?

சொல்றேன், கேளுங்க. உங்ககிட்டச் சொன்னாலாவது எனக்கு ஏதாவது ஞாபகம் வருதான்னு பாக்கறேன்.

நான் கட்டிங் மாஸ்டருங்க. பேரு சென்னியப்பன். ஒரே கம்பெனில இருவத்தாறு வருசம். பனியன் துணியை நூறு அடுக்கு, நூத்தம்பது அடுக்கு விரிச்சுப் போட்டு, மேல எந்தப் பீஸ் எங்க வரோணும்னு வரைஞ்சு, மெஷினைத் தள்ளி ஒட்டுக்கா வெட்டறது. வெட்டறது பெருசில்லீங்க, யாரு வேணாலும் வெட்டலாம். பீஸை அடுக்கறதுதான் வேலை. ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் நடுவுல சந்து இருந்துச்சுன்னா அது வேஸ்ட். மேல ஒரு இன்ச்சு சந்துன்னா கீழ நூத்தம்பது அடுக்குலயும் ஒரு இன்ச்சு போச்சு. என்ற டேபிள்ல சந்தே இருக்காதுங்க. முதலாளி வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டியாந்து காட்டுவாரு, இந்தாளு வெட்டுனதுக்கப்பறம் கூட்ட ஒண்ணும் இருக்காதுன்னு.

அது கண்ணுலயே ஒட்டிக்கிச்சுங்க. கல்யாணப் பந்தியில உக்காந்தாக்கூட ரெண்டு எலைக்கு நடுவுல எவ்வளவு எடம் வீணாப் போகுதுன்னுதான் பாப்பேன். எங்க வீட்டம்மா சொல்லுவா, இந்தாளு செத்தாக் குழியை அளவு எடுத்துத்தான் தோண்டோணும், சந்து இருந்தா எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிப்பாருன்னு. வாய் சாஸ்திங்க அவளுக்கு.

இந்தத் தோளைப் பாருங்க. வலது பக்கம் எறங்கியிருக்கா? ஒரு இன்ச்சு. மெஷினைத் தள்ளித் தள்ளி எறங்கிப்போச்சு. கடையில எடுக்கற சட்டை எனக்குச் சேராதுங்க, காலர் கோணிக்கிட்டு நிக்கும். என்ற சட்டையை நானே வெட்டிக்குவேன். வலது பக்கம் ஒரு இன்ச்சு எறக்கி வெட்டுனா நேரா உக்காந்துக்கும். எங்க வீட்டம்மாளுக்குக்கூட இது தெரியாதுங்க, யாரு இதையெல்லாம் உத்துப் பாக்கறாங்க.

வண்டி ஏனுங்க நிக்குது? ஆள் ஏறுதா? சரி சரி.

இந்தக் கடைசி வருசத்துக்கு ஒரு புராஜெக்ட் பண்ணோணுமாம். அதை வெச்சுத்தான் டிகிரி. அதுக்கு என்னமோ பேரு சொன்னாளுங்க, பாசிட்டிவ் ஸ்பேஸ், நெகட்டிவ் ஸ்பேஸ்னு. ஒரு நாள் காத்தால நான் வேலைக்குக் கெளம்பறப்ப அதிசயமா எந்திரிச்சு வந்து என்னைய உக்கார வெச்சுப் பாடம் எடுத்தா. ஒரு டம்ளரையும் சொம்பையும் கிட்டக் கிட்ட வெச்சா.

"என்னங்ப்பா தெரியுது?"

"டம்ளரு, சொம்பு."

"அதுகளைப் பாக்காதீங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எடத்தைப் பாருங்க. அதுக்கு ஒரு உருவம் இருக்குதில்ல?"

"அங்க ஒண்ணுமில்லையே கண்ணு."

"ஒண்ணுமில்லாத எடத்துக்கும் உருவம் இருக்குதுங்ப்பா. பொருளு பாசிட்டிவ். சுத்தி இருக்கற காலி எடம் நெகட்டிவ். ரெண்டும் சரிசமம். காலி எடத்தைப் பாக்கத் தெரிஞ்சாத்தான் வரையத் தெரியும்னு எங்க மேடம் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. காலி எடத்தைப் பாக்கறதுக்குத்தானே எனக்குச் சம்பளமே குடுக்கறாங்க. நானும் தெனமும் அதைத்தான் கண்ணு பாக்கறேன், பாத்து அடைக்கிறேன்னு சொன்னேன். அவ சொம்பை எடுத்து உள்ள வெச்சுட்டா.

அவளுக்கு எம் மேல என்னமோ மனக்கொறைங்க. முன்னாடியே இருக்குது. இல்லீனா பாருங்க, வீட்டுல நோட்டு நோட்டா வரைஞ்சு வெச்சிருக்கறா. அவங்கம்மா வெங்காயம் உரிக்கிறது, கம்பெனி வாட்ச்மேன் பீடி குடிக்கிறது, தெரு நாய் படுத்திருக்கறது, எல்லாம் அச்சு அசலா இருக்குது. என்னைய மட்டும் காணோம். ஒரு பக்கத்துலகூட இல்ல. நாய்க்கு நாலு பக்கங்க, அப்பனுக்கு ஒண்ணுமில்ல. ஒருக்கா வாய் விட்டுக் கேட்டேபுட்டேன், ஏன் கண்ணு என்னைய வரையல, மூஞ்சி நல்லாயில்லையான்னு.

என்ன சொன்னா தெரியுங்களா? "உங்களை எப்பிடிங்ப்பா வரையறது? நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி போயிடறீங்க. நான் தூங்குன பொறவு வர்றீங்க. நீங்க உக்கார்ற சேரு, உங்க தட்டு, நீங்க கழட்டிப் போட்ட செருப்பு, அதுகளைத்தான் பாத்திருக்கறேன். வீட்டுல நீங்க இல்லாத எடம்தாங்ப்பா எனக்கு நல்லாத் தெரியும்."

எனக்கு முள்ளுத் தைச்ச மாதிரி ஆயிருச்சு. யாருக்காகப் போறேன், யாருக்காக வர்றேன்? ஞாயித்துக்கெழமைகூட ஷிப்மெண்ட்டுன்னு ஓடறது யாருக்காக? பொறந்ததுல இருந்து அவ போட்ட துணி பூராவும் இந்தக் கையில வெட்டுனதுங்க. வருசா வருசம் பொறந்தநாளுக்கு ஒண்ணு. அளவுகூட எடுக்கறதில்ல, கண்ணுலயே பாத்து வெட்டிருவேன். அதுக்கப்பறம் ஒரு வாரம் நானும் பேசல.

ஆனா அவ ஒண்ணும் மனசுல வெச்சுக்கலீங்க. அந்தச் சமயத்துலதான் ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சோறு எடுத்துட்டுக் கம்பெனிக்கு வந்தா. வரவே மாட்டா, அன்னைக்கு வந்தா. சாப்புட்டுட்டு அரை மணி நேரம் கட்டிங் டேபிள் மேலயே நீட்டிப் படுக்கறது என்ற வழக்கம். மல்லாக்கப் படுத்தேன்னா ஒரு அசைவு இருக்காதுங்க, கையி காலு நேரா, பொணமாட்டம். "டேபிள் சுடுதுங்ப்பா, இதுல படுங்க"ன்னு ஒரு வெள்ளைத் துணியை விரிச்சு விட்டா. புள்ளைக்குப் பாசம் இருக்குது, இல்லாம இல்ல. எந்திரிச்சுப் பாத்தா அவளைக் காணோம், துணியையும் காணோம். என்ற சட்டை ஓரம், கைக்கு அடியில, வேட்டிக் கரை, எல்லாம் சாக்பீஸ். நீல சாக்பீஸ். செக்கிங் பண்ற பொம்பளைங்க என்னையப் பாத்துப் பாத்துச் சிரிக்கறாங்க. கொறட்டை விட்டிருப்பேன், அதுக்குச் சிரிக்கறாங்கன்னு நெனைச்சுட்டு மெஷினைப் போட்டுட்டேன்.

இது கருமத்தம்பட்டிங்களா? ஐயோ, அந்த லாரியைப் பாருங்க, குறுக்கால நிக்குது. மணி? பதினொண்ணு பத்து. ஏனுங்க டிரைவர், ஒரம்பறை வீட்டுக்கு விருந்துக்குப் போற மாதிரிப் போறீங்களே! சரிங்ணா, கத்தல, உக்காந்துக்கறேன்.

போன ஞாயித்துக்கெழமைங்க. முதலாளிகிட்டக் கேட்டு அவளுக்கு என்ற டேபிளை வாங்கிக் குடுத்தேன். மூணு மீட்டர் வெள்ளைத் துணி விரிச்சா. கறுப்புத் துணியில பீஸ் வெட்டிட்டு வந்திருந்தா, நாப்பத்திரெண்டு பீஸ். எல்லாம் கை பீஸுங்க. சட்டைக்கு ரெண்டு பக்கமும் வருமே, அந்தக் கையி. கைக்கொழந்தை சைஸ்ல ஒரு ஜோடி, ஒரு வயசு, ரெண்டு வயசுன்னு அப்பிடியே பெரிய ஆள் சைஸ் வரைக்கும். இருவத்தியோரு சைஸ். இத்தனை சைஸ்ல எவனும் ஆர்டர் குடுக்க மாட்டானேன்னு கேட்டேன். சிரிச்சா. காத்தாலயிருந்து மூணு மணி வரைக்கும் அதுகளை வெச்சு வெச்சு எடுத்து, கடைசியில குண்டூசி குத்தி வெச்சா. ஒவ்வொரு பீஸுக்கும் அடியில பசைத் தாள் இருக்குது, அயர்ன் பாக்ஸை வெச்சா ஒட்டிக்கும். ஒட்டிட்டா அப்பறம் பிரிக்க முடியாது.

"நான் போய்ச் சாப்புட்டுட்டு வந்து அயர்ன் பண்றேங்ப்பா. யாரும் தொடாமப் பாத்துக்கங்க"ன்னுட்டுப் போனா. போறப்ப என்ற கையைப் புடிச்சுட்டுச் சொன்னா, "சனிக்கெழமை காலேஜ்ல எல்லார் வேலையும் பார்வைக்கு வெக்கறாங்க. நீங்க வரோணும். நீங்க வந்தே ஆகோணும்"னு. ஒரு மாசமா இதேதான் சொல்லிட்டிருந்தா. சனிக்கெழமை ஷிப்மெண்ட்டு கண்ணு, அம்மாளைக் கூட்டிட்டுப் போன்னேன். "அம்மா வந்தாப் பத்தாதுங்ப்பா"ன்னா. என்ன பத்தாது? மூஞ்சி வாடிப்போச்சு அவளுக்கு. சரி வர்றேன்னு வாயில சொல்லி வெச்சேன்.

அவ போனதுக்கப்பறம் நின்னு பாத்தேனுங்க. என்ற கண்ணால என்னால பாக்க முடியல. அத்தனை பெரிய துணி. பீஸெல்லாம் ஓரத்துல சுத்திக் கிடக்குது. நடுவுல ஒரு ஆள் படுக்கற அளவுக்கு எடம் சும்மா கிடக்குது! வெறும் வெள்ளை. நீல சாக்பீஸ்ல லேசா ஒரு கோடு வேற, அழுக்காட்டம். இருவத்தாறு வருசம் கட்டிங் மாஸ்டரா இருக்கறவன் பொண்ணு இப்பிடிக் கொண்டு போய்க் காட்டுனா வாத்தியாருங்க என்ன நெனைப்பாங்க? இவங்கப்பன் இவ்வளவுதான் சொல்லிக் குடுத்தானான்னு நெனைக்க மாட்டாங்களா?

தொடக்கூடாதுன்னுதான் நின்னேனுங்க. சத்தியமா. மேல ரெண்டு பெரிய பீஸ், எடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. வலது பக்கத்துப் பீஸு ஒரு இன்ச்சு எறங்கிக் கிடந்துச்சு. புள்ள கவனிக்காம வெச்சுட்டா, இதை மட்டும் நேர் பண்ணலாம்னு குண்டூசியை எடுத்தேன். அதுதான் முதல்ல எடுத்தது. அப்பறம் கை நிக்கலீங்க. கை பீஸு இருக்குதே, ஒண்ணை நேரா வெச்சு அடுத்ததைத் தலைகீழா வெச்சா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காந்துக்கும். பெருசுக்கு நடுவுல சின்னது. ஒரு மணி நேரம். நாப்பத்திரெண்டு பீஸும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஊசி நுழைய எடமில்லாம அடுக்கிட்டேன். துணியில இருந்த அந்தக் கோட்டைப் பிரஷ்ஷுல தட்டி விட்டேன். அயர்னும் பண்ணிட்டேன், புள்ளைக்கு எதுக்குச் செரமம்னு. அப்பறம் மீதித் துணியை வெட்டித் தனியா எடுத்தேன். மூணு மீட்டர்ல ஒன்றரை மீட்டர் மிச்சமுங்க! பாதிக்குப் பாதி! என்ற சர்வீஸ்ல அப்பிடி ஒரு மிச்சம் பாத்ததில்ல. சந்தோசத்துல அந்த மிச்சத்துல அவளுக்கு ஒரு தலகாணி உறை வெட்ட மார்க்கும் பண்ணிட்டேன்.

அஞ்சு மணிக்கு வந்தா. பாரு கண்ணுன்னேன்.

நின்னா. அழலீங்க. கத்தலீங்க. டேபிளைச் சுத்தி ஒரு தடவை நடந்தா. அப்பறம் கேட்டா, "நடுவுல இருந்த வெள்ளை எங்கீங்ப்பா?"

"இதா கண்ணு, பத்திரமா எடுத்து வெச்சிருக்கறேன், ஒன்றரை மீட்டர்"னு மடிச்சு வெச்சதை எடுத்து நீட்டுனேன்.

அவ பாத்த பார்வை இருக்குதுங்களே. அதை வாங்கி நெஞ்சோட வெச்சுட்டுப் போயிட்டா. மக்கா நாள் திங்கக்கெழமை காத்தால நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பிப் போயிட்டா. எனக்கு முன்னாடி அந்த வீட்டுல யாரும் எந்திரிச்சதில்லீங்க.

நேத்து அவங்க மேடம் கூப்புட்டாங்க, எஸ்தர் மேடம்னு. உங்க பொண்ணு படிப்பை நிறுத்திக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கறான்னாங்க. "அவ மார்க்குக்காக அழுதா நான் சமாதானம் சொல்லிருவேன் சார். அவ அழவே இல்ல. இனி என்ன பண்ணுனாலும் ஒண்ணுதான் மேடம்னு சொல்றா. அதுதான் எனக்குப் பயமா இருக்குது. அந்தக் கடுதாசியை நான் யாருக்கும் குடுக்கல, புராஜெக்ட் வாங்கறது நாளைக்கு வியாழக்கெழமை பன்னெண்டரையோட முடியுது, அது வரைக்கும் என்ற டிராயர்ல வெச்சிருப்பேன்"னாங்க. அப்பறம் கேட்டாங்க, "சார், நடுவுல இருந்தது போயிருச்சுங்கறா, என்ன இருந்துச்சு? எங்க யாருகிட்டயும் அவ காட்டல. சனிக்கெழமை எங்கப்பா வந்து பாத்துக் கண்டுபுடிக்கட்டும்னு மட்டும் சொன்னா."

ஒண்ணும் இல்லீங்க மேடம், வெறும் சந்துங்கன்னேன்.

இன்னிக்கு லீவு போட்டுட்டேன். ஷிப்மெண்ட் வாரத்துல நான் லீவு போட்டது இதுதான் மொதல் தடவை. இந்தப் பையில நாப்பத்திரெண்டு பீஸும் இருக்குது, அதே கறுப்புத் துணி, அதே இருவத்தியோரு சைஸ், புதுசா வெட்டிப் பசைத் தாளும் வெச்சாச்சு. மடியில மூணு மீட்டர் வெள்ளை. எல்லாம் இருக்குதுங்ணா. எங்க வெக்கறதுன்னுதான் தெரியல. காத்தால வீட்டுல விரிச்சு வெச்சுப் பாத்தேன். நான் அடுக்குனது ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்குது. எந்தப் பீஸுக்குப் பக்கத்துல எதை வெச்சேன், எதைத் திருப்புனேன், கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். அவ வெச்சது ஒண்ணும் ஞாபகம் வரல. மூணு தடவை வெச்சேன், மூணு தடவையும் கை தானாப் போய் ஒட்ட ஒட்ட வெக்குது. இந்தக் கையை என்ன பண்றதுங்க? வெட்டியா போட முடியும்? இல்லாததை எப்பிடிங்ணா ஞாபகத்துல கொண்டாறது? நீங்க படிச்சவங்களாட்டம் இருக்கறீங்க, சொல்லுங்க.

என்னங்க? பீஸை உடு, சந்தை மட்டும் சொல்லுங்கறீங்களா? அவளும் அதைத்தானே சொன்னா, டம்ளரைப் பாக்காதீங்கன்னு.

சொல்றேன். இருங்க, கண்ணை மூடிக்கறேன்.

டேபிள்ல நீளவாக்குல இருந்துச்சு. அறுவத்திநாலு இன்ச்சு இருக்கும். கீழ ஒடுங்கலா ஆரம்பிச்சுது, அங்கதான் கைக்கொழந்தை சைஸு பீஸு ரெண்டும் இருந்துச்சு, காலைப் புடிச்சுட்டிருக்கற மாதிரி. மேல போகப் போக ஒரு வயசு, ரெண்டு வயசு, அஞ்சு வயசு. சைஸு கலைஞ்சு கிடக்கலீங்க, வரிசையாத்தான் இருந்துருக்குது. நடுவுல அகலம். மேல ரெண்டு பக்கமும் விரிஞ்சு, அப்பறம் கழுத்து. கழுத்துக்கு மேல ஒரு வட்டம், ஒம்பது இன்ச்சு. அந்த விரிஞ்ச எடத்துல ஷோல்டர் பதினேழரை. எடது பக்கம் சரியா இருந்துச்சு, வலது பக்கம் ஒரு இன்ச்சு எறக்கம். நான் முதல்ல நேர் பண்ணுனேனே, அது. ஒரு இன்ச்சு...

ஷோல்டர் பதினேழரை. வலது ஒரு இன்ச்சு எறக்கம்.

அண்ணா.

அது என்ற சட்டை அளவுங்ணா.

ஒரு நிமிசம். ஒரு நிமிசம் இருங்க. தண்ணி இருக்குதுங்களா?

அந்த நீல சாக்பீஸு. நான் தூங்குனப்ப சுத்திக் கோடு போட்டிருக்கறா. அந்தப் பொம்பளைங்க அதுக்குத்தான் சிரிச்சிருக்கறாங்க. அழுக்குன்னு தட்டி விட்டேனே, என்னையத்தான் தட்டி விட்டிருக்கறேன். அப்பனை அவ வரையலேன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். இருவத்தியொண்ணு. அவளுக்கு இருவத்தியொண்ணு நடக்குதுங்ணா. வருசத்துக்கு ஒரு ஜோடி கையி. பொறந்ததுல இருந்து நான் வெட்டிக் குடுத்த சட்டைக் கையி. அத்தனை கையும் சுத்தி நின்னு என்னையப் புடிக்கப் பாத்துட்டிருந்துருக்குது, நான் நல்லா அடுக்கி அயர்ன் பண்ணிட்டேன். ஒன்றரை மீட்டர் மிச்சம்னு சிரிச்சுட்டு நின்னேன். அவகிட்டயே எடுத்து நீட்டுனேன்.

இந்தத் தோளு எறங்குனது அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்ணா. கட்டுனவளுக்குத் தெரியாது. அவ பாத்திருக்கறா.

அழுகலீங்க, தூசு. கண்ணாடி சாத்தித்தான் இருக்குது, சரிங்க, அழுகறேன், என்ன இப்ப.

மணி என்ன? பதினொண்ணே முக்காலா? நீலாம்பூர் தாண்டிருச்சா? அப்பப் போயிரலாம். போயிரோணும். அவ வர மாட்டேன்னா? மேடம்கிட்டச் சொல்லி அனுப்பறேன். அப்பன் காலேஜுல வந்து தரையில படுத்திருக்கறான், வந்து பாக்கச் சொல்லுங்கன்னு. ஆமாங்ணா, படுக்கத்தான் போறேன். வேற எப்பிடி? எனக்குப் பீஸு வெக்கத் தெரியாது, கை ஒட்ட ஒட்டத்தான் வெக்கும். என்னைய நடுவுல போட்டுட்டா ஒட்ட வெக்க முடியாதில்ல? துணியை விரிச்சு, சட்டையோட மேல படுத்துக்கறேன். இந்தச் சட்டையும் நான் வெட்டுனதுதான். அவ கோடு போடட்டும். சாக்பீஸு என்ற சட்டைச் சேப்புலயே இருக்குது, பாருங்க, நீலம். படிச்ச புள்ளைங்கல்லாம் நின்னு பாத்துச் சிரிக்குமா? சிரிக்கட்டும். அன்னைக்குத் தூக்கத்துல அசையாமக் கிடந்தேன். இன்னிக்கு முழிச்சுட்டே அசையாமக் கிடப்பேன், அவ நாப்பத்திரெண்டாவது பீஸை வெக்கற வரைக்கும்.

கண்டக்டரு, ஹோப்ஸு வந்துருச்சுங்களா? நிறுத்துங்க, நிறுத்துங்க. அண்ணா, அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. துணி கசங்காமப் பாத்து.

அவ வந்து நின்னு மறுக்கா கேப்பாளுங்க, நடுவுல இருந்த வெள்ளை எங்கீங்ப்பான்னு. கேக்கட்டும். இங்க இருக்குது கண்ணு, கோடு போட்டுக்கன்னு சொல்லிட்டு, கண்ணை மூடிக்குவேன்.